அடகுப் போர்வை: எபிரேய வேதத்தில் எளியோரின் அடைக்கலம்

(மந்தைவெளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஏழைக்குக் கடவுளே அடைக்கலம் என்ற பொருளில் பேச ஒரு வக்கீலை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலருக்காவது தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. நான் இறையியல் படித்தவன் அல்லன், எபிரேயமும் தெரியாது. சிவில் கோர்ட்டில் புரோநோட்டு வழக்கு, அடமான வழக்கு, ஜப்தி மனு என்று பார்த்தே காலத்தை ஓட்டியவன். ஆனால் பழைய ஏற்பாட்டை ஒரு வழக்குக் கட்டைப் படிக்கிற கண்ணோடு படித்தால், பிரசங்கங்களில் அதிகம் காதில் விழாத ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. யார் வாதி, யார் பிரதிவாதி, எந்தச் சொத்தின் மேல் தகராறு என்று கேட்டுக்கொண்டே போகிறோம். போகப்போக, இந்த அடைக்கலப் பேச்சில் பெரும்பகுதி ஏழையை நோக்கிச் சொன்ன ஆறுதலாகத் தெரியவில்லை. அவனுக்குக் கடன் கொடுத்தவனையும் அவனைக் கூலிக்கு வைத்தவனையும் நோக்கிச் சொன்ன எச்சரிக்கையாகத் தெரிகிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அடைக்கலம் இந்த வட்டாரத்துக்குப் புதிய சங்கதி இல்லை. கபாலீசுவரர் கோயிலிலிருந்து சாந்தோம் தேவாலயம் வரை நடந்து போனால் அரை மணி நேரம் ஆகாது. அதற்குள் எத்தனை சந்நிதிகளில், எத்தனை பாஷைகளில் சரண் என்று சொல்கிறோம்! திருவாசகத்தில் அடைக்கலப் பத்து என்றே ஒரு பதிகம் இருக்கிறது. வைணவர்களுக்குச் சரணாகதிதான் உயிர்நாடி. பேயாழ்வார் அவதரித்த ஊர் இது. நம் பக்தர்கள் எதிலிருந்து அடைக்கலம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிறவியிலிருந்து, புலன்களிலிருந்து, தன் வினையிலிருந்து. எதிரி தனக்குள்ளேயே இருக்கிறான்.

சங்கீதக்காரனின் எதிரி அடுத்த தெருவில் இருக்கிறான். பத்தாம் சங்கீதத்தில் அவன் கிராமத்து முடுக்கில் பதுங்கியிருந்து எளியவனை வலையில் இழுக்கிறான். முப்பத்தைந்தாம் சங்கீதத்தில் அவன் பொய்ச்சாட்சியாக எழுந்து நிற்கிறான். எண்பத்திரண்டில் கடவுளே நீதி ஸ்தலத்தில் எழுந்து நின்று, எத்தனை காலம் அநியாயமாகத் தீர்ப்புச் சொல்வீர்கள் என்று நீதிபதிகளைக் கேட்கிறார். திக்கற்றவனுக்கு நியாயம் செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. வக்கீலாக இருப்பவன் இந்தப் பாட்டைப் படித்தால் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். பெஞ்சில் இருப்பவர்களுக்கு எப்படியோ, தெரியாது.

நம் இலக்கியத்தில் இதற்குப் பக்கத்தில் வருவது சிலப்பதிகாரம். அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலம் பெற்றவள் பத்தினி. கொடுத்தவள் மோர் விற்கிற இடைச்சி. பிறகு கோவலன் கொலையுண்டு மதுரை எரிகிறது. அடைக்கலம் வாங்கியவளைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காக மாதரி தீயில் விழுந்து உயிரை விடுகிறாள். தப்புச் செய்தவன் பாண்டியன். பொறுப்பு ஏற்றவள் மாதரி. ஒருவரை அடைக்கலமாக ஏற்றுக்கொள்வது மனத்தில் இரக்கம் கசிவதோடு நிற்கிற காரியம் இல்லை, பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி என்பது இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி வழக்குக் கட்டைப் பிரிப்போம். யாத்திராகமம் இருபத்திரண்டாம் அதிகாரம். அந்நியனை ஒடுக்காதே, விதவையையும் தகப்பனில்லாப் பிள்ளையையும் ஒடுக்காதே என்று தொடங்குகிறது. இதுவரை எல்லா ஊர் நீதிநூலிலும் இருப்பதுதான். அடுத்து ஒரு துணி வருகிறது. ஏழை ஒருவன் கடன் வாங்கும்போது தன் போர்வையை அடகு வைக்கிறான். பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது சட்டம். ஏனென்றால் அவனுக்கு இருப்பது அது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்கிறது. அவன் என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன், நான் இரக்கமுள்ளவன் என்று கடவுள் சொல்வதோடு அந்தப் பிரிவு முடிகிறது.

அடகு பிடித்தவனின் பக்கம் நின்று இதைப் பாருங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் திருப்பிக் கொடுத்து, காலையில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் அடகே இல்லை! எந்த அடகுக் கடைக்காரரும் இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். நம் ஊரில் 1943-ஆம் ஆண்டின் அடகுக்கடைச் சட்டம் இருக்கிறது. ரசீது, வட்டி விகிதம், ஏலம், எல்லாம் அதில் உண்டு. அடகு வைத்தவன் ராத்திரி எப்படித் தூங்குவான் என்ற கேள்வி அதில் கிடையாது.

உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. மாவரைக்கும் திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகு வாங்காதே. அது ஒருவனுடைய உயிரையே அடகு வாங்குவது. அடகுப் பொருளை எடுக்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையாதே. வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கூலிக்காரன் கூலியை அன்றன்றே பொழுது சாயுமுன் கொடு. விதவையின் துணியை அடகாக எடுக்காதே. வெளியே நில் என்ற அந்தக் கட்டளையில் நான் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். கடன்பட்டவனுக்கு வேறு எதுவும் மிஞ்சாவிட்டாலும் வீட்டுக்குள்ளிருந்து எதை எடுத்து வருவது என்று தீர்மானிக்கிற உரிமை மிஞ்சுகிறது. குழுக்கடன் வசூலுக்கு வருபவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, பணம் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று தெருவே கேட்கப் பேசுகிறார் அல்லவா? அந்தப் படி யாருடையது என்பதுதான் உபாகமத்தின் கேள்வி.

நம் சிவில் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் ஆண்டினுடையது. அதன் அறுபதாம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்று சொல்கிறது: கட்டியிருக்கிற துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞனின் கருவிகள், விவசாயியின் ஏரும் மாடும் விதைநெல்லும். ஒருமுறை டிக்ரியை நிறைவேற்ற அமீனாவோடு ஒரு வீட்டுக்குப் போனேன். நான் டிக்ரி வாங்கியவர் பக்கத்து வக்கீல். கடன்பட்டவர் தச்சர். ஒற்றை அறை. நாங்கள் நுழைந்ததுமே அவருடைய மனைவி கருவிப் பையை இழுத்துத் தன் மடிக்கு அருகில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். பையின் வாயில் இழைப்புளியின் கைப்பிடி தெரிந்தது. என் கட்சிக்காரர் அதைக் காட்டி, அதுதான் சார் விலை போகும் என்றார். அமீனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தொட முடியாதுங்க என்று சொல்லிவிட்டு, டிவியையும் ஒரு ஸ்டீல் பீரோவையும் பட்டியலில் எழுதிக்கொண்டார். உபாகமத்துத் திரிகைக்கல் அந்தக் கருவிப் பைதான். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு இருந்த அடைக்கலம் அறுபதாம் பிரிவும், அதை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு கீழ்நிலைக் கோர்ட் ஊழியரும்.

இந்தப் போர்வைச் சட்டம் நடைமுறையில் இருந்ததா, ஏட்டோடு நின்றதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சாட்சி இருக்கிறது. இஸ்ரேலின் கடற்கரையில், பழைய யாவ்னே துறைக்குச் சற்றுத் தெற்கே ஒரு சிறு கோட்டையின் இடிபாடு. 1960-இல் யோசேப் நாவே என்ற தொல்லியலாளர் அங்கே அகழ்ந்தபோது, மையால் எழுதிய உடைந்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. அவனே எழுதியிருக்க மாட்டான். வாசலில் இருந்த எழுத்தனிடம் சொல்லி எழுதியிருப்பான், நம் தாலுகா ஆபீஸ் வாசல் மாதிரி. அறுத்தேன், அளந்து களஞ்சியத்தில் சேர்த்தேன், என் கணக்கை முடித்தேன், அப்புறம் சோபாயின் மகன் ஒசாயாகு வந்து என் ஆடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான், என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள், நான் குற்றமற்றவன், என் ஆடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்பது மனுவின் சாரம். கடைசியில், திருப்பித்தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை என்றாலும் என்மேல் இரக்கம் காட்டுங்கள் என்கிறான். இருபத்தேழு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த மனுவின் கட்டுக்கோப்பு மாறவில்லை. உண்மை விவரம், எதிராளியின் பெயர், சாட்சிகள், பரிகாரம், கடைசியில் கருணை வேண்டுதல். என் ஜூனியர்களுக்கு இதைவிட நல்ல பிளீடிங் மாதிரி காட்ட முடியாது.

அந்த மனுவில் வேதவசனம் ஒன்றும் இல்லை. அவன் போனது கடவுளிடம் அன்று, அதிகாரியிடம். அந்த அதிகாரி காது கொடுக்காவிட்டால் மேலே ஒரு கோர்ட் இருக்கிறது, அங்கே மனு ஸ்டாம்பு இல்லாமலே போய்ச் சேரும் என்பதுதான் யாத்திராகமம் சொல்வது. ஏழையின் கூப்பாடு சங்கீதத்தில் திரும்பத் திரும்ப வருவதன் பொருள் இதுதான். அது ஜபமாக இருக்கிறபோதே அப்பீலாகவும் இருக்கிறது.

இரக்கம் எபிரேயருக்கு மட்டும் சொந்தம் என்று நான் சொல்ல வரவில்லை. பாபிலோனின் ஹம்முராபி கி.மு. 1750 வாக்கில் தன் சட்டக்கல்லின் முடிவுரையில், வலியவன் எளியவனை நசுக்காதிருக்கவும் அநாதைக்கும் விதவைக்கும் நீதி கிடைக்கவும் இதை நாட்டினேன் என்று பெருமை பேசிக்கொள்கிறான். அங்கே ராஜாதான் அடைக்கலம். எபிரேயர்கள் அந்த நாற்காலியை ராஜாவிடமிருந்து பிடுங்கிக் கடவுளிடம் கொடுத்தார்கள். உபாகமம் பதினேழில் ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது, சட்டத்தின் பிரதியைத் தானே எழுதித் தினமும் படிக்க வேண்டும். ராஜாவும் பிரதிவாதியாக நிற்க வேண்டிய ஒரு நாட்டைக் கற்பனை செய்கிற சட்டம் இது.

நாபோத்தின் வழக்கில் அப்படித்தான் நடந்தது. ராஜா ஆகாபுக்கு அரண்மனைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் கீரைத் தோட்டம் போட வேண்டியிருந்தது. நாபோத் தன் முன்னோர் நிலத்தைத் தர மறுத்தான். ராணி யேசபேல் என்ன செய்தாள்? அடியாட்களை அனுப்பவில்லை. ராஜாவின் முத்திரை போட்டுக் கடிதம் எழுதினாள், உபவாசம் கூறச் செய்தாள், சட்டம் கேட்கிற இரண்டு சாட்சிகளை ஏற்பாடு செய்தாள், தேவதூஷணக் குற்றம் சாட்டினாள். எல்லாம் முறைப்படி. நாபோத் செத்த பிறகு தோட்டத்தைச் சுவாதீனம் எடுக்க ஆகாப் போகிறான். தீர்க்கதரிசி எலியா அங்கே நிற்கிறார்.

2022 மே மாதம் இங்கிருந்து நடக்கிற தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டன. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்பது வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த உத்தரவு. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். குடியிருந்தவர்களில் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் தொலைவிலுள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வு வீடுகளுக்கு அனுப்பாமல் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு தருவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆகாபையும் இந்த வழக்கையும் ஒன்றாக்க மாட்டேன். கால்வாய் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லோருமே பார்த்தோம். தீர்ப்புக்குச் சட்டக் காரணம் இருக்கிறது. ஆனால் தீர்க்கதரிசி மீகா தீர்ப்பின் சட்டப் பொருத்தத்தைக் கேட்கவில்லை. பெண்களை அவர்களுடைய செல்ல வீட்டிலிருந்து துரத்துகிறீர்கள், பிள்ளைகளிடமிருந்து இருந்த மதிப்பைப் பிடுங்குகிறீர்கள் என்று எண்ணிச் சொல்கிறார். அதே கால்வாயின் மத்தியப் பகுதியைக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற மாதிரி வெட்டியது 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக. பசித்தவர்கள் வெட்டிய வாய்க்காலின் கரையில் பசித்தவர்கள் குடியேறினார்கள். அது ஆக்கிரமிப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாக்கத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து இந்தத் தெருக்களில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறவர்களின் அலைச்சல் எந்த உத்தரவிலும் வருவதில்லை.

ஆமோஸ் தீர்க்கதரிசியைக் கேட்டால் இந்த அவையில் உட்கார முடியாமல் போகும். ஏழையை ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு விற்கிறார்கள் என்று தொடங்கி, அடகாக வாங்கிய துணிகளை விரித்துப் போட்டுப் பலிபீடங்களின் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். அந்தத் துணியை இப்போது நமக்குத் தெரியும். பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய போர்வை அது. கடன்பட்டவன் குளிரில் நடுங்குகிறான். கடன் கொடுத்தவன் சந்நிதியில் சொகுசாகப் பக்தி செய்கிறான். பதினைந்தாம் சங்கீதம், ஆண்டவரே உம்முடைய கூடாரத்தில் யார் தங்குவார் என்று கேட்டுவிட்டு, பணத்தை வட்டிக்கு விடாதவன், கைக்கூலி வாங்காதவன் என்று பதில் சொல்லி முடிகிறது. அடைக்கலம் கேட்டு நுழைகிற வாசலிலேயே கணக்குப் புத்தகம் கேட்கிறார்கள்.

அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று அதே உபாகமம் ஓரிடத்தில் சொல்வதையும் மறைக்கக் கூடாது. அடிமையை அடிக்கலாம், உடனே செத்தால்தான் தண்டனை என்கிற யாத்திராகமப் பிரிவும் இதே வேதத்தில்தான் இருக்கிறது. ஆதியாகமத்தில் ஆகாரின் கதையைப் பாருங்கள். எகிப்தியப் பெண், அடிமை, கர்ப்பிணி. எஜமானி சாராளின் கொடுமை பொறுக்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். சூருக்குப் போகிற வழியில் ஒரு நீரூற்றருகே தூதன் அவளைக் கண்டு பேசுகிறான். அந்தப் புத்தகத்தில் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிற முதல் ஆள் இந்த அடிமைப் பெண்தான். என்னைக் காண்கிறவர் என்கிறாள். ஆனால் தூதன் அவளுக்குச் சொன்ன புத்திமதி, எஜமானியிடமே திரும்பிப் போ என்பது. எனக்கு அந்த இடம் ஒருநாளும் ஜீரணமானதில்லை. உபாகமம் இருபத்துமூன்றில், எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே, அவன் விரும்பின ஊரில் இருக்கட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது ஆகாருக்குக் கிடைக்கவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. கடனே ரத்து என்கிறது. இன்றும் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவர்களை வருவாய்த் துறை மீட்கிற செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடைக்கலம் வராத கணக்கும் வேதத்திலேயே உண்டு. யோபு இருபத்துநான்காம் அதிகாரத்தில், எல்லைக்கல்லைத் தள்ளிப் போடுகிறார்கள், அநாதையின் கழுதையை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், விதவையின் மாட்டை அடகு பிடிக்கிறார்கள். துணியில்லாதவர்கள் மலை மழையில் நனைந்து கன்மலையை அணைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். இத்தனைக்கும் கடவுள் கண்டுகொள்ளவில்லையே என்கிறான் யோபு. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், கந்துவட்டிக் கொடுமைக்குத் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பலன் கிடைக்காமல் ஒரு கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் தீயில் கருகினார்கள். 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. தினவட்டி, ஹவர் வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தச் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. யாவ்னே கூலியாளின் மனுவைப் போலத்தான் அந்த மனுக்களும் இருந்திருக்கும்.

சென்னைக்கு வருகிறேன். இந்தச் சங்கீதங்களைத் தமிழில் நமக்குத் தந்தவர்களில் முக்கியமானவர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ். 1711-இல் ஜெர்மனியில் பிறந்தவர். தரங்கம்பாடி வந்து, 1742-இல் சென்னைக்கு வந்தார். பிறகு வேப்பேரியில் குடியிருந்து அரை நூற்றாண்டு தமிழோடு மல்லுக்கட்டினார். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் சபையாரை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு ஓடித் தப்பியவர். 1761-இல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சுக்கூடம் வேப்பேரிக்கு வந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772-இலும் தமிழ்–ஆங்கில அகராதி 1779-இலும் வெளிவந்தன. பழைய ஏற்பாட்டில் அவர் எழுதி எழுதித் திருத்தியதை வேலையாளிடமும் குழந்தையிடமும் வாசித்துக் காட்டிச் சரிபார்த்ததாகச் சொல்வார்கள். பின்னால் ஹென்றி பவர் குழுவினர் 1871-இல் கொண்டுவந்த மொழிபெயர்ப்புக்கு அவருடைய நடையே ஆதாரம்.

அவருடைய கடைசிக் காலத்தைப் பிரசங்கங்களில் அதிகம் பேசுவதில்லை. ஊரில் பலர் பாதிரியார் என்ற நம்பிக்கையில் தங்கள் சேமிப்பை அவரிடம் கொடுத்து வைத்தார்கள். அவர் அதை வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் பெரிய இடத்து ஆட்கள், பணம் திரும்பவில்லை. போட்டவர்கள் கேட்டபோது கொடுக்க வழியில்லாமல் முதுமையில் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். பதினைந்தாம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைத் தமிழில் எழுதிய கை அது! அவரைக் குற்றம் சாட்டவும் எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. அவரிடம் பணம் போட்டு ஏமாந்த எளியவர்கள்தான் அந்த வழக்கில் அடைக்கலம் கேட்க வேண்டியவர்கள். அதே நேரத்தில் சிறைக்கம்பிக்குப் பின்னால் அவரும் கேட்டிருப்பார். 1906-இல் இதே ஊரில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது பென்ஷன்காரர்களும் விதவைகளும் போட்ட பணம் போனது. மறு வருஷம் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கி உருவானது. கடனையும் நம்பிக்கையையும் பற்றிச் சென்னைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கடனுக்குச் சிறை இன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது. 1980-இல் கொச்சின் வங்கி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கட்ட வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் உள்ளே தள்ள முடியாது, வசதியிருந்தும் ஏமாற்றுகிறான் என்று காட்ட வேண்டும் என்று தீர்த்துவைத்தார். அந்தத் தீர்ப்பு இருநூறு ஆண்டு முன்னால் வந்திருந்தால் வேப்பேரிக் கிழவர் சிறை போகாமல் தப்பியிருக்கலாம், சங்கடம் தீர்ந்திருக்காது, அவமானமாவது குறைந்திருக்கும். 1791-இல் அவர் காலமானார்.

பெண் ஒருத்தியின் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். ரூத் மோவாபிய விதவை, அந்நிய நாட்டுக்காரி. உபாகமம் காக்கச் சொல்கிற அந்நியர், தகப்பனில்லாப் பிள்ளை, விதவை என்ற மூன்று வகையில் இரண்டில் அவள் வருகிறாள். மாமியார் நகோமியோடு பெத்லகேம் வந்து, வயல்காரர்கள் வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டிய சிந்தின கதிரைப் பொறுக்கப் போகிறாள். வயல்காரர் போவாஸ் அவளிடம் நல்லவிதமாகப் பேசி, நீ கடவுளின் சிறகுகளின் கீழ் அடைக்கலமாக வந்திருக்கிறாய், அவர் உனக்குப் பலனளிப்பார் என்று ஆசீர்வதிக்கிறார். நல்ல மனுஷர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அதற்கு முன்பே தன் வேலையாட்களிடம் அவளைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். வயலில் தனியாகப் பொறுக்குகிற பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த அதிகாரத்தில் களத்துமேட்டில் ராத்திரி அவருடைய காலடியில் படுத்திருந்த ரூத், உம்முடைய ஆடையை என்மேல் விரியும், நீர்தான் மீட்க வேண்டிய உறவினர் என்கிறாள். கடவுளின் சிறகைப் பற்றிப் பேசினவரிடமே போய், அந்தச் சிறகாக நீர் இரும் என்று சொல்கிற துணிச்சல். மறுநாள் காலையில் போவாஸ் ஊர்வாசலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து முறைப்படி விஷயத்தை முடிக்கிறார். சாட்சி, நடைமுறை, எல்லாம் சுத்தம்.

நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. எருசலேம் மதில் கட்டுகிற வேலை நடக்கிறது. பஞ்சம். மக்கள் கூட்டமாக வந்து புலம்புகிறார்கள்: நிலம், தோட்டம், வீடு எல்லாம் தானியத்துக்கு அடமானம், ராஜாவின் வரி கட்ட வட்டிக்கு வாங்கினோம், எங்கள் பெண்பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே அடிமையாகிவிட்டார்கள், நாங்களும் எங்கள் சகோதரர்களும் ஒரே ரத்தம்தானே? ஆளுநர் நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. உடனே பேசவில்லை, தனக்குள் ஆலோசித்தேன் என்கிறார். பிறகு பெரிய கூட்டம் கூட்டி, கடன் கொடுத்த பெரிய மனிதர்களை நேருக்கு நேர் கேட்கிறார். அவர்களுக்குப் பதில் இல்லை. அப்போது ஒரு வாக்குமூலம் வருகிறது. நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், இந்தக் கொள்ளையை விட்டுவிடுவோம் என்கிறார். நிலம், திராட்சைத் தோட்டம், ஒலிவத் தோப்பு, வீடு, வாங்கிய நூற்றுக்கு ஒரு பங்கு வட்டி, எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார்.

கொடுக்கிறோம் என்றார்கள். அவர் அதை நம்பிக் கூட்டத்தைக் கலைக்கவில்லை. ஆசாரியர்களைக் கூப்பிட்டு அங்கேயே சத்தியம் வாங்கினார். தன் ஆடையின் மடியை உதறி, இந்த வாக்கைக் காப்பாற்றாதவனைக் கடவுள் இப்படியே உதறிப்போடட்டும் என்றார். சபையார் ஆமென் என்றார்கள். சொன்னபடியே செய்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கடுத்த வரியிலேயே நெகேமியா தன் கணக்கைக் காட்டத் தொடங்கிவிடுகிறார்: தான் ஆளுநராக இருந்த பன்னிரண்டு ஆண்டும், ஆளுநருக்கு உரிய சாப்பாட்டுப் படியை மக்களிடம் வாங்கவில்லை, தினம் ஒரு மாடு, தேர்ந்த ஆறு ஆடு, கோழிகள், நூற்றைம்பது பேருக்குப் பந்தி, எல்லாம் தன் செலவு.